பட்டை விழாத மஞ்சள்

“இது உங்க பொண்ணு வீட்டு ரத்தம்தாம்மா! என் மாப்பிள்ளைகிட்ட ஒரு குத்தம் கண்டுபிடிக்க முடியாது!”

“கத்தாதீங்க மாஸ்டர். மிரண்டுச்சுன்னா ரெண்டும் குஞ்சை முழுங்கிடும்.”

“முழுங்கட்டும்! கறுப்பையெல்லாம் முழுங்கித் தொலைக்கட்டும்!”

சண்டை இரண்டாம் மாடியில், லேப்காரம்மா வீட்டுக் கூடத்தில். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்ப்பதால் அவருக்கு அந்தப் பெயர். கத்தியவர் முதல் மாடித் தையல்காரர். கட்டடம் முழுக்க அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். நான் இரவல் வாங்கிய சல்லடையைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். கையை நீட்டி வாங்கிக்கொள்ள ஆளில்லை. நிற்க வேண்டியதாகிவிட்டது.

மாப்பிள்ளை, பொண்ணு என்றதும் கல்யாண வீடு என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டும் டிஸ்கஸ் மீன்கள். சாப்பாட்டுத் தட்டைத் தண்ணீருக்குள் நிமிர்த்தி வைத்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு மீன். மாஸ்டருடையது எலுமிச்சை மஞ்சள், உடம்பில் ஒரு கோடு கிடையாது. லேப்காரம்மாவுடையது பழுப்பு, மேலிருந்து கீழாக ஒன்பது கறுப்புப் பட்டை. “நிறம் கொஞ்சம் மட்டு. குணம் பரவாயில்லை” என்று மாஸ்டர் பெண் பார்த்துவிட்டுச் சொன்னதை நானே கேட்டேன். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் சம்பந்தி என்றுதான் அழைத்துக்கொண்டார்கள். மாஸ்டருக்குக் கேட்கவா வேண்டும்? மாப்பிள்ளை வீட்டுக்காரர் அல்லவா, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துதான் உட்காருவார்.

இந்தச் சம்பந்தத்துக்குக் காரணம் உண்டு. மாஸ்டருக்குப் பிள்ளை குட்டி இல்லை. ஆறு வருஷமாக வளர்த்த மஞ்சள் வம்சத்தை மீன் வளர்ப்போர் சங்கத்தில் ‘மாஸ்டர் மஞ்சள்’ என்று பதிந்துவிட வேண்டும், தன் பேர் சொல்ல ஒரு மீனாவது இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. சங்கம் ஒரு நிபந்தனை போட்டது. பட்டை போட்ட மீனோடு ஜோடி சேர்த்து, அடுத்தவர் வீட்டுத் தொட்டியில் குஞ்சு எடுக்க வேண்டும். ஒரு குஞ்சுக்குக்கூடப் பட்டை விழக்கூடாது. “விழாது” என்று மாஸ்டர் கையெழுத்தே போட்டுக் கொடுத்திருந்தார். நாலு தலைமுறையாக அவர் வீட்டில் ஒரு பட்டைக் குஞ்சுகூட இருந்ததில்லையே!

இப்போது தொட்டியில் நூற்றுப் பதினெட்டு குஞ்சுகள். பெற்றவர்கள் உடம்பில் ஊறும் கொழகொழப்புதான் இந்தக் குஞ்சுகளுக்குப் பால். இரண்டின் மேலும் மொய்த்துக் கிடந்தன. ஐம்பத்தேழு மஞ்சள். அறுபத்தொன்று பட்டை. மறுநாள் காலை சங்கத்திலிருந்து எண்ண வருகிறார்கள்.

“நான் சொல்றதைக் கேளுங்க,” என்றார் லேப்காரம்மா. “ஒவ்வொரு குஞ்சும் அப்பன்கிட்ட ஒரு பங்கு, ஆத்தாகிட்ட ஒரு பங்கு வாங்கிட்டு வரும். பட்டையை மறைக்கிற சரக்கு உங்க மாப்பிள்ளைகிட்ட ரெண்டு பங்கும் இருந்தா எல்லாக் குஞ்சும் மஞ்சளாத்தான் வரும். ஒண்ணே ஒண்ணு இருந்தா பாதிக்குப் பாதி. எண்ணிப் பாருங்க, பாதிக்குப் பாதி. பார்வைக்குத்தான் அவரு முழு மஞ்சள், உள்ள பாதிதான்.”

“யாரு, என் மாப்பிள்ளையா பாதி? நாலு தலைமுறைக்கு நான் நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்! நீங்கதான் ராவோட ராவா வேற குஞ்சைக் கொட்டிட்டீங்க. நாளைக்குச் சங்கத்துல சொல்றேனா இல்லையா பாருங்க!”

லேப்காரம்மாவின் முகம் சுண்டிவிட்டது. “பன்னெண்டு வருஷமா ஊரான் ரத்தத்தைக் கையில வாங்கறேன். ஒரு குப்பிக்கு மறு குப்பி மாத்துனான்னு யாரும் சொன்னதில்லை. வெளிய போங்க மாஸ்டர்.”

அப்போதுதான் கதவருகே நின்றிருந்த மாஸ்டரின் தங்கை வாயைத் திறந்தாள். நாற்பதை நெருங்குகிறவள், அண்ணன் வீட்டில் சமையல், காஜா, பொத்தான், மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது எல்லாம் அவள்தான்.

“அவங்களை ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. இது எப்பவும் வர்றதுதான்.”

“எப்பவும்னா?”

“நம்ம வீட்டுலயும் வரும். நான் எடுத்துடுவேன்.”

எனக்கே கையிலிருந்த சல்லடை நழுவப் பார்த்தது. மாஸ்டரின் வழக்கம் கட்டடத்துக்கே தெரியும். குஞ்சுகள் சட்டைப் பொத்தான் அளவுக்கு வளரும்வரை தொட்டிப் பக்கம் போகமாட்டார். பொடி உருப்படி கண்ணுக்குத் தெரியாது, தெரியவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் மாட்டார். பொத்தானானதும் கண்ணாடியும் நோட்டுமாக வந்து உட்காருவார். அதற்குள் தங்கை தண்ணீர்க் குழாயோடு தன் வேலையை முடித்துவிடுவாள்.

“நீங்க நோட்டு போடறதுக்கு முன்னாடி, முதல் தடவை மூணு கறுப்பைப் பாத்துட்டு நீங்க ரெண்டு நாள் சோறு திங்கலை. போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டுப் படுத்துட்டீங்க. அதான்.”

மாஸ்டர் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார். சாயவில்லை.

லேப்காரம்மாவோ கோபத்தையெல்லாம் மறந்துவிட்டார். “ஒரு தடவைக்கு எத்தனை எடுப்பே?”

“நூறு இருந்தா இருபத்தஞ்சு, இருபத்தாறு.”

“நாலுல ஒண்ணு! அதேதான்! ரெண்டு பேரும் பாதி மஞ்சளா இருந்தா அப்படித்தான் வரும்!” பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி கைதட்டினார். “எல்லா ஜோடிக்குமா?”

“இல்லை. மூலைத் தொட்டி ஜோடிக்கு வராது. போன வருஷம் அந்த ஆணை வேற பொண்ணோட விட்டோமே, அப்பவும் ஒண்ணுகூட வரலை.”

“கொன்னுட்டியா எல்லாத்தையும்?” என்றார் மாஸ்டர்.

“மனசு வரலை. டிபன் பாக்ஸ்ல போட்டு தெருமுனைச் சாவிக்கடைக்காரர்கிட்ட கொடுத்துட்டேன்.”

அந்த டிபன் பாக்ஸை நான் ஆறு வருஷமாகப் பார்க்கிறேன். உள்ளே சோறு என்று நினைத்து நாலு பேரிடம் சொல்லியும் விட்டேன்.

“நம்ம வீட்டுல இருக்கறதே ரெண்டு பூட்டு,” என்றார் மாஸ்டர். “ஆறு வருஷமா உனக்குச் சாவிக்கடையில என்ன வேலை?”

தங்கை படியைப் பார்த்து நடந்தாள். காது மட்டும் சிவந்தது.

எல்லோரும் தெருமுனைக்கு இறங்கினார்கள். சல்லடையோடு நானும். கடையின் முன்பக்கம் சாவிகள் தொங்கின. பின்பக்கத் திரையை விலக்கினால் பதினொரு தொட்டி. ஒவ்வொன்றிலும் பட்டை போட்ட டிஸ்கஸ், விரித்த கை அகலத்துக்கு.

“வாங்க மாஸ்டர்,” என்று எழுந்தார் சாவிக்காரர், கையில் அரத்தோடு. “எல்லாம் உங்க பிள்ளைங்கதான்.”

மாஸ்டர் ஒவ்வொரு தொட்டி முன்பும் நின்றார். ஒன்றின் கண்ணாடியில் விரலை வைத்தார். மீன் விரலுக்கு நேராக வந்தது. “என்கிட்ட இருக்கறதைவிடப் பெரிசா இருக்கே. என்ன போடறீங்க?”

“நேரத்துக்குச் சாப்பாடு. பாதி உங்க தங்கச்சி சொல்லிக் கொடுத்ததுதான்.”

“மீதிப் பாதி?”

“அதை இன்னும் கேக்கலை. உங்ககிட்டதான் கேக்கணும்.”

மறுநாள் சங்கத்தார் வந்தபோது வாசலிலேயே மாஸ்டர் நிறுத்தினார். “எண்ண வேண்டாம். அறுபத்தொண்ணு பட்டை. நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது தப்பு.” லேப்காரம்மாவிடம் மன்னிப்பும் கேட்டார், மாடிப்படியில், முதுகைக் காட்டிக்கொண்டு, ஆனால் கேட்டார்.

பிறகு, ரெண்டு பங்கும் உள்ளவன் அவன்தான் என்று லேப்காரம்மா கணக்குச் சொல்ல, மூலைத் தொட்டி ஆண் இரண்டாம் மாடிக்குப் போயிற்று. பழுப்புக்காரிக்கு இரண்டாம் கல்யாணம். முதல் முட்டைத் தொகுதி வெளுத்து வீணானது. அடுத்ததில் தொண்ணூற்றாறு குஞ்சுகள். இம்முறை மாஸ்டர் பூதக்கண்ணாடியோடு தினமும் ஏறி வந்தார், முட்டிவலியைத் திட்டிக்கொண்டே. தண்ணீரையும் தானே மாற்றினார். தரையெல்லாம் கொட்டி கீழ் வீட்டுக் கூரை ஒழுகியது. கீழ் வீடு என்னுடையது, மாஸ்டர் வீட்டுக்கு அடுத்த கதவு. ஆறு வாரம் கழித்துச் சங்கத்தார் மறுபடி வந்து எண்ணியபோது ஒரு குஞ்சுக்கும் பட்டை இல்லை. ‘மாஸ்டர் மஞ்சள்’ பதிவானது. சான்றிதழைத் தையல் மிஷினுக்கு மேலே, கோணலாக மாட்டியிருக்கிறார்.

அவர் தங்கைக்கும் சாவிக்காரருக்கும் அந்த வருஷக் கடைசியில் கல்யாணம் ஆனது. அவள் தெருமுனைக்குக் குடிபோய்விட்டாள். மாஸ்டர் வீட்டில் காஜா போட இப்போது மிஷின். லேப்காரம்மாவுக்கு வேறு ஊருக்கு மாற்றல். பழுப்புக்காரியைப் பிளாஸ்டிக் வாளியில் போட்டு, வாளியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போனார். இரண்டாம் மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் கணவனும் மனைவியும் எந்நேரமும் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறார்கள். சல்லடை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.