பூம்பொடிக்கு அரை மணி

ராமலட்சுமியின் சேலைத் தலைப்பில் இருந்த முடிச்சு அவிழவில்லை. குளிப்பாட்ட உடலை உட்கார்த்தி வைத்திருந்த பெண்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துப் பார்த்துவிட்டார்கள். கடைசியில் மருமகள் செல்வலட்சுமி குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தாள். சுண்டுவிரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாய் உருண்டு விழுந்தது. அதன் அடியில் கொஞ்சம் மஞ்சள் தூள்.

“இதென்னடி மருந்து?” என்றாள் சுருளியம்மாள். செத்துப்போனவளின் அக்கா. தேவிகுளத்திலிருந்து காந்தலூர் வந்து இறங்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“மருந்தில்ல பெரியத்தை...”

“காலையில நல்லா நடந்து போயிட்டு வந்தவ வாசப்படியில உக்காந்தாளாம், செத்தாளாம். பாத்தா தலப்புல மருந்து. என்ன பண்ணுனீங்க எந் தங்கச்சிய? சண்ட போட்டியாடி?”

செம்பில் மொண்ட தண்ணீரை யாரும் ஊற்றவில்லை. மறைப்புக்குச் சேலை பிடித்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

செல்வலட்சுமிக்கு அந்தக் கேள்வி உறைக்கவே இல்லை. அவள் குழாயைக் கையில் எடுத்தாள். துளிகூடக் குளிர் இல்லை. உடனே நிமிர்ந்தாள்.

“மாட்டாஸ்பத்திரி ஏசுரத்தினம் அண்ணனக் கூப்பிடுங்க.”

அவர் வந்து மறைப்புக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சேலைக்கு மேலாகக் குழாயை நீட்டிக் காட்டினாள்.

“ஐயோ, இத இன்னும் போடலயா? ஏம்மா, இது மருந்தில்ல. பூம்பொடி. பேரி மரத்துப் பூவுல இருக்கிற பொடி. நாங்க காளை விந்து வைக்கிற நைட்ரஜன் கேன் இருக்குல்ல, அதுல ஒரு மூலையில ஆறு வருசமா ஒறைய வச்சிருந்தாங்க. காலையில ஆறு மணிக்கு வந்து, ‘எம் மாப்பிள்ளைய அனுப்பி வையும்’னு நின்னாங்க. நாந்தான் எடுத்துக் குடுத்தேன்.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

“காளையும் பேரிக்காயும் ஒரே வீட்டுல குடியிருக்குன்னு நான் கேலி பண்ணுவேன். ‘அதுக சண்ட போடல, நீரு நைட்ரஜன் கொறையாம பாரும்’பாங்க. மாசம் தவறாது. குச்சிய உள்ள விட்டு, நைட்ரஜன் எதுவரைக்கும் இருக்குன்னு பாத்துட்டுத்தான் போவாங்க.”

சுருளியம்மாள் தங்கையின் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.

சாந்தன்பாறைப் பக்கம் ஒரு பழைய பேரி மரம் நின்றது. ஆடி மழையில் காந்தலூர்ப் பேரியெல்லாம் கிளையிலேயே அழுகும்போது, அதன் காய் மட்டும் கல்போல நிற்கும். ரோட்டை அகலப்படுத்த அதை வெட்டப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ராமலட்சுமி பஸ் ஏறிப் போனாள். இருபது வருஷம் பழப்பண்ணையில் கூலிக்கு நின்றவள். பொடி எடுக்க, காயவைக்க, உறையவைக்க, எல்லாம் அங்கே அதிகாரிகள் செய்வதைப் பார்த்துப் படித்தது. அந்த மரத்திலிருந்து ஒட்டுக்கட்டக் கொண்டுவந்த குச்சிகள் பட்டுப்போயின. பூம்பொடி மூன்று குழாய் தேறியது. வீட்டு வாசலில் அவள் வளர்த்த பேரியில் முதல் குழாயைப் போட்ட வருஷம் மழை கொண்டுபோனது. இரண்டாவதில் பிஞ்சு நிற்கவில்லை. இது மூன்றாவது, கடைசி.

“இதுல காய் பிடிச்சு, அந்த விதையப் போட்டு, செடி வந்து காய்க்க எத்தன வருசம் அத்தை?” என்று போன வாரம் செல்வலட்சுமி கேட்டிருந்தாள்.

“பத்து வருசம் ஆகும்.”

“அதுவரைக்கும் யாரு இருப்பா?”

“ஏன், ஒனக்கென்ன கேடு? நீ திங்க மாட்டியா?”

இப்போது செல்வலட்சுமி மறைப்புக்கு வெளியே வந்தாள். “அண்ணே, திரும்பக் கேன்லயே வச்சிருவமா?”

“ஒருக்க எளகினா எளகினதுதான் தாயி. உச்சி வெயிலுக்கு முன்ன போடலன்னா வெறும் தூசி.”

மணி பத்தரை தாண்டியிருந்தது. பதினொன்றுக்கு எடுப்பதாகப் பேச்சு. எடுத்த பிறகு வீடு கழுவி, தலைமுழுகி முடிய இரண்டு மணியாகிவிடும்.

“பொணத்தப் போட்டுட்டு மரத்துக்கா போற?” சுருளியம்மாள் உள்ளேயிருந்து கேட்டாள். “மருமக இல்லாம வாய்க்கரிசி யாருடி போடுறது?”

செல்வலட்சுமி மாமனாரைப் பார்த்தாள். தங்கதுரை காலையிலிருந்து ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

“எத்தன பூவு?” என்றார்.

“இருபத்திமூணு மாமா. நேத்து அத்தை காகித உறை மாட்டி வச்சது.”

“அரை மணி ஆகுமா?”

“ஆகும்.”

“அரை மணி தள்ளி எடுங்கய்யா.”

“ராகுகாலம் வந்துருமே” என்றார் பாடை கட்டிக்கொண்டிருந்தவர்.

“வரட்டும். ஆறு வருசம் அதுக்குக் காவல் இருந்திருக்கா. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இப்படி இருந்தாளான்னு பொறாமப்பட்டிருக்கேன்.” துண்டால் மூக்கைத் துடைத்தார். “நீ போ தாயி.”

பொடி தொட்டு வைக்கும் தூரிகையைத் தேட நேரமில்லை. ஈரச் சேலையோடு மரத்தடியில் ஸ்டூலைப் போட்டு ஏறினாள் செல்வலட்சுமி. அத்தை பூவைத் தொட்டுத் தொட்டு நகர்வதை அடுக்களை ஜன்னல் வழியாகப் பார்த்து, ‘மரத்துக்குப் பொட்டு வைக்கிறாங்க’ என்று புருஷன் சதீஷிடம் சொல்லிச் சிரித்தவள்தான் அவள்.

முதல் காகித உறையைக் கழற்றினாள். வாசல் மரத்தின் சொந்தப் பொடியே கலந்துவிடாமலிருக்க, மொட்டைப் பிரித்து உள்ளிருந்த தாதுக்காம்புகளையெல்லாம் ராமலட்சுமி கிள்ளியெடுத்திருந்தாள். நடுவில், பொடியை வாங்கிக்கொள்ள மயிரிழை போல ஐந்து முனைகள் நின்றன. ஒன்றில்கூடக் கீறல் இல்லை. ஊசியில் நூல் கோக்க மருமகளைக் கூப்பிடுகிறவள், இருபத்திமூன்று பூவிலும் இதைச் செய்திருந்தாள்.

விரல்நுனியில் பொடியைத் தொட்டு வைத்தாள். உறையை மாட்டினாள். அடுத்தது. கீழே சங்கு ஊதி நிறுத்தினார்கள். இருபத்தொன்றாவது பூவோடு பொடி தீர்ந்தது. குழாயின் உட்சுவரை விரலால் துடைத்து மீதி இரண்டுக்கும் தடவினாள். பிறகு இறங்கி ஓடினாள். வாய்க்கரிசிக்கு எல்லாரும் அவளுக்காக நின்றுகொண்டிருந்தார்கள்.

கொள்ளிச்சட்டியோடு சதீஷ் முன்னால் நடந்தான். பின்னால் பாடை தோளில் ஏறியது. வாசலிலிருந்து ரோட்டுக்கு அந்த மரத்தடி வழியாகத்தான் போகவேண்டும். உறை மாட்டிய கிளை குறுக்கே தாழ்ந்து நின்றது. ஒருவர் அரிவாளை ஓங்கினார்.

“ஏலே, கொப்பத் தொடாதீக!” சுருளியம்மாள் தலைவிரிகோலமாய் வாசலுக்கு ஓடிவந்தாள். “எறக்கிப் புடிச்சுக் குனிஞ்சு போங்கல!”

நான்கு பேரும் ராமலட்சுமியைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கினார்கள். முதுகை வளைத்து, அடி மேல் அடி வைத்துக் கிளைக்குக் கீழே நுழைந்தார்கள். காகித உறை ஒன்றுகூட உரசவில்லை. அந்தப்பக்கம் போய் நிமிர்ந்து, மறுபடி அவளைத் தோளில் ஏற்றினார்கள்.