சீட்டு சாயணும்

என் அக்கா ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தாள். ஈரப் போர்வையின் இரண்டு முனைகளையும் பிடித்து, சுழலும் சூடான உருளைகளுக்கு நடுவில் விட வேண்டும். மறுபக்கம் அது காய்ந்து, சுருக்கமில்லாமல் வெளியே வரும். அது போனதும் அடுத்தது. காலை ஆறு மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை நின்றபடியேதான் வேலை. எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு. என்னைப் படிக்க வைப்பதற்காக அந்த வருடம் அந்த இயந்திரத்தின் முன்னால் போய் நின்றவள்தான்.

நான் எம்.ஏ. சமூகவியல் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. ஒரு நாள் வேலை முடிந்து அவள் மருத்துவமனை வாசலுக்கு வந்திருக்கிறாள். மைக்கும் கேமராவுமாக இரண்டு இளைஞர்கள் போகிற வருகிறவர்களை நிறுத்திக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவளையும் மடக்கினார்கள்.

"அக்கா, ஒரு நாள் லீவு, டிக்கெட்டும் நாங்களே எடுத்துத் தர்றோம். எந்தப் படத்துக்குப் போவீங்க?"

"எந்தப் படமா இருந்தா என்ன தம்பி? ஏசி இருக்கணும், சீட்டு சாயணும். உக்காந்ததும் தூங்கிடுவேன். முடிஞ்சதும் எழுப்பி விட்டுடுங்க."

"படமே பார்க்க மாட்டீங்களா?"

"விளம்பரம் வேணா பார்க்கறேன். பாவம், அதுக்கும் ஆள் வேணுமில்ல."

அவ்வளவுதான். சொல்லும்போதே அவள் கண்கள் பாதி சொருகியிருந்தன. எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவளுக்கு வேறு எப்படி இருக்கும்? ஆனால் அந்தச் சொருகிய கண்ணும் அந்தக் கடைசி வரியும் சேர்ந்து பார்ப்பவர்களை வயிறு குலுங்கச் சிரிக்க வைத்தன. மூன்றே நாளில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள்.

முதல் வாரம் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியாடி குட்டி, கண் டாக்டரம்மா என்கூட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க!" என்று ஓடி வந்து காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி, தெருமுனைக் கடைக்காரர், பேருந்து நடத்துநர் எல்லோரும் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அதுவரை அந்தத் தெருவில் அவளை நின்று பார்த்தவர்கள் யாருமில்லை.

பிறகு அது அவள் கையை விட்டுப் போய்விட்டது. அவள் முகம் ஸ்டிக்கராகி எல்லோருடைய போனிலும் ஏறியது. கூட்டத்தில் தூங்கும் அரசியல்வாதிக்கு அவள் முகம். தேர்வில் தோற்ற மாணவனுக்கு அவள் முகம். "சீட்டு சாயணும்" என்பதைத் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டி, மேளம் போட்டுப் பாட்டாக்கினார்கள். ஒரு சோபா கம்பெனி அதே வசனத்தை ஒரு நடிகையைச் சொல்ல வைத்தது. நடிகைக்கு முகத்தில் கருப்புப் பூசி, தலையைக் கலைத்து, கையே வெளியில் தெரியாத அளவுக்குத் தொளதொளவென்று ஒரு சீருடை மாட்டியிருந்தார்கள். அக்கா அதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது தன் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான் அவ்வளவு அழுக்காவா போறேன்?" என்று கேட்டாள்.

வீடியோவின் கீழே எழுதியிருந்தவற்றை நான் அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. 'இதுங்க தூங்கறதாலதான் ஆஸ்பத்திரி நாறுது' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதற்கு ஆயிரக்கணக்கில் விருப்பக்குறி. நிர்வாகத்தில் யாரோ அதைப் பார்த்திருக்க வேண்டும். சலவைக்கூடத்தில், இயந்திரம் சூடாகும் பத்து நிமிடம் உட்காருவதற்கென்று ஒரு ஸ்டூல் கிடந்தது. ஒரு நாள் காலை அது இல்லை. அக்கா சூப்பர்வைசரிடம் கேட்டாள்.

"ஏம்மா, ஸ்டூலெல்லாம் உனக்குப் பத்துமா? அதுதான் சாயாதே!" என்றாராம் அவர். கூட இருந்தவர்களும் சிரித்தார்களாம். சிரித்த நான்கு பெண்களுக்கும் அதோடு ஸ்டூல் போய்விட்டது என்பது அவர்களுக்கு மறுநாள்தான் உறைத்தது. அதற்கும் அக்காவைத்தான் திட்டினார்கள்.

இனி என்னைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

என் வகுப்பில் இருந்தவர்கள் எல்லாம் வசதியான வீட்டுப் பிள்ளைகள். நான் உதவித்தொகையில் சேர்ந்தவள். அக்கா மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள் என்று முதல் வருடமே சொல்லியிருந்தேன். அவர்களாகவே நர்ஸ் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

வெகுஜனப் பண்பாடு பற்றிய பாடத்தில் ஒரு நாள் எங்கள் பேராசிரியை அந்த வீடியோவைத் திரையில் போட்டார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாகச் சிரித்தேன். பேராசிரியை எல்லோரும் அடங்கும்வரை காத்திருந்தார்.

"இப்ப சொல்லுங்க. இதுல எது சிரிப்பு? ஒரு பொம்பள களைச்சுப் போயிருக்கா, தூங்கணும்னு சொல்றா. இதையே ஒரு நடிகை சொல்லியிருந்தா, 'ஐயோ பாவம், எவ்வளவு உழைக்கிறாங்க'ன்னுதான எழுதியிருப்பீங்க?"

அவர் நல்லவர். அவர் சொன்னது அத்தனையும் சரி. நான் தலை நிமிராமல் அதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். அதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார். நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினேன். உருளையின் சூட்டில் மரத்துப்போன விரல் நுனி, புடைத்து முறுக்கிக்கொண்ட கால் நரம்பு, காணாமல் போன ஸ்டூல், எல்லாவற்றையும் எழுதினேன். அவளை 'சம்பந்தப்பட்ட பெண்' என்று குறிப்பிட்டேன்.

"எப்படிம்மா இவ்வளவு நுணுக்கமா கவனிச்சே?" என்று கேட்டார் பேராசிரியை.

"கள ஆய்வு, மேடம்," என்றேன்.

அந்தக் கட்டுரையைத்தான் கல்லூரிக் கருத்தரங்கில் வாசிக்கத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியூர்களிலிருந்தெல்லாம் பேராசிரியர்கள் வரவிருந்தார்கள். அக்காவிடம் மேடையில் பேசப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

"எதைப் பத்திடி?"

"சினிமா, டிவி, அதெல்லாம் பத்தி."

"அதுக்கெல்லாமா படிப்பு!" என்று சிரித்தாள். "நான் வந்து ஓரமா உக்காந்து பாக்கறேனே."

"வேண்டாம்க்கா. வெளியாளுங்கள விட மாட்டாங்க."

அவள் வந்தாள். இன்னொருத்தியிடம் கெஞ்சி ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு, பெட்டியில் மடித்து வைத்திருந்த நல்ல உடையை உடுத்திக்கொண்டு வந்தாள். நான் மேடையில் மைக்கைச் சரி செய்துகொண்டிருந்தேன். வாசல் பக்கம் ஒரு கூச்சல் கேட்டது.

"டேய், அந்த அக்காடா! சீட்டு சாயணும் அக்கா!"

பத்துப் பதினைந்து பேர் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர்களுடைய தோள்களுக்கு நடுவே அவள் என்னைத் தேடினாள். கண்டுபிடித்துவிட்டாள். முகம் மலர்ந்து கையை உயர்த்தப் போனாள். நான் குனிந்து கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தேன். ஒரு கண் இமைக்கும் நேரம் இருக்குமா? இருக்காது. நிமிர்ந்தபோது அவள் கை கீழே இறங்கியிருந்தது.

பேராசிரியை வேகமாக அவளிடம் போனார். "வாங்கம்மா, வாங்க. யாரையாவது பார்க்க வந்தீங்களா?"

"யாரையும் இல்லம்மா. பக்கத்துல ஒரு வேலையா வந்தேன். கூட்டமா இருக்கேன்னு எட்டிப் பார்த்தேன்."

"அக்கா, ஒரே ஒரு தடவை சொல்லுங்கக்கா!" என்று எவனோ கத்தினான். போன்கள் எல்லாம் மேலே எழும்பின.

சலவைக்கூடத்தில் எத்தனையோ பேர் கேட்டும் அவள் அதைச் சொன்னதில்லை. கண் டாக்டர் கேட்டபோதுகூட வெட்கப்பட்டு மழுப்பிவிட்டாள். அன்றைக்குச் சொன்னாள். கண்ணைப் பாதி மூடி, தலையைச் சாய்த்து, அந்த நடிகை செய்ததைப் போலவே கையை ஆட்டிச் சொன்னாள். அரங்கமே அதிர்ந்தது. எல்லோருடைய பார்வையும் தன் மேல் இருக்கட்டும், மேடைப் பக்கம் யாரும் திரும்ப வேண்டாம் என்று நினைத்தாளோ என்னவோ.

"போதும், போதும், விடுங்கப்பா," என்று பேராசிரியை தடுத்தார். முன்வரிசையில் உட்காரச் சொன்னார்.

"இல்லம்மா, எனக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

நான் கட்டுரையை வாசித்தேன். நாக்கு எங்கேயும் குழறவில்லை. கைதட்டினார்கள். முதல் பரிசு கொடுத்தார்கள்.

வீட்டுக்குப் போனபோது அக்கா சமைத்து முடித்திருந்தாள்.

"பரிசு கெடைச்சுதா?"

"ம்."

"நல்லது. உக்காருங்க, சாப்பிடுங்க."

எனக்குக் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். "என்னக்கா, 'உக்காருங்க'ன்ற?"

"பழகிக்கணும்ல. நாளைக்கு நாலு பேருக்கு முன்னாடி நிக்கப் போற ஆளு நீங்க. நான் எங்கயாச்சும் வாய் தவறி 'வாடி, போடி'ன்னு கூப்பிட்டுட்டா?"

அவள் முகத்தில் குத்தல் இல்லை. நான் அவள் மடியில் விழுந்து அழுதேன். மன்னித்துவிடு என்றேன்.

"எதுக்கு அழறீங்க? வர வேணாம்னுதான சொன்னீங்க. நான்தான் கேக்காம வந்துட்டேன்." கொஞ்ச நேரம் என் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு, "என்னைப் பத்தியா பேசினீங்க?" என்று கேட்டாள்.

"ஆமாக்கா."

"அந்த ஸ்டூலைப் பத்தியும் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"பெரிய பெரிய ஆளுங்க வந்திருந்தாங்களே. அவங்க சொன்னா திருப்பிக் குடுப்பாங்களா?"

அவள் உண்மையாகவே கேட்டாள். அந்தக் கட்டுரையில் பதினெட்டுப் பக்கம் இருந்தது. அந்தக் கேள்விக்கு அதில் ஒரு வரிகூட இல்லை.

ஸ்டூல் திரும்ப வரவில்லை. நாலு மாதத்தில் ஊருக்குச் சிரிக்க வேறொரு முகம் கிடைத்தது. என் கட்டுரை ஒரு ஆய்விதழில் அச்சானது. அதை வைத்தே வேறு நகரத்தில் ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. என்னோடு வந்துவிடு என்று எத்தனையோ முறை கூப்பிட்டேன். "உங்க வீட்டுக்கு நாலு பேர் வந்து போவாங்க. அங்க நான் எதுக்கு?" என்று ஒரே பதிலைச் சொன்னாள். போனில் பேசும்போதும் "நீங்க"தான். கெஞ்சியும் பார்த்தேன், சண்டையும் போட்டேன். பழைய பேச்சு திரும்பவே இல்லை.

மூன்றாவது வருடம் அவள் கணுக்காலில் நரம்பு வெடித்துப் புண்ணானது. சொல்லாமல் மறைத்து, துணியைச் சுற்றிக்கொண்டு அதே இயந்திரத்தின் முன்னால் நின்றிருக்கிறாள். சீழ் பிடித்த பிறகுதான் எனக்குத் தகவல் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது, அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே ஒரு பொதுவார்டில் கிடந்தாள். காலைக் காப்பாற்றுவது கஷ்டம் என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துச் சொன்னார்.

உடன் தங்குபவருக்கான படிவத்தோடு ஒரு குமாஸ்தா கட்டிலருகே வந்தார். என் பெயரை எழுதிக்கொண்டார்.

"நோயாளிக்கு நீங்க என்ன வேணும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா தலையணையிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"தெரிஞ்சவங்க சார். பெரிய காலேஜ்ல வாத்தியாரா இருக்காங்க. எனக்காக இவ்வளவு தூரம் வந்திருக்காங்க."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பெருமைதான் இருந்தது.

குமாஸ்தா அதையே எழுதி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். 'நான் தங்கச்சி சார்' என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்தி, வேண்டாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

நான் கையெழுத்துப் போட்டேன்.