செல்லப்பா சாரின் இரண்டு கையெழுத்துகள்

செல்லப்பா டீயில் நனைத்த பிஸ்கட் உடைந்து உள்ளே விழுந்தது. அவர் ஸ்பூனைத் தேடியதும் சுதர்சன் பாதி எழுந்துவிட்டான். மங்கையர்க்கரசி தன் கணவனான அவனைப் பார்க்கப் பிடிக்காமல் சுவரைப் பார்த்தாள். செல்லப்பா வீட்டுச் சுவர் நிறையக் கேடயங்கள். ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனிக்கு ஜெனரல் மேனேஜராக இருந்தபோது அவர் வாங்கியவை. நடுவில் பளபளத்த பெரிய கேடயம், மாத்திரை கரையும் வேகத்தைச் சோதிக்க, அவருக்குக் கீழே வேலை பார்த்தபோது அவள் கண்டுபிடித்த முறைக்குக் கிடைத்தது. அறிக்கையை எழுதியவள் அவள். கீழே இருந்தது அவர் பெயர் மட்டும்.

மகன் அச்யுத் விண்ணப்பித்திருந்த பெங்களூர் பல்கலைக்கழகம், பள்ளிக்கு வெளியே அவனை நன்றாக அறிந்த ஒருவரிடமிருந்து பரிந்துரைக் கடிதம் கேட்டிருந்தது. குஷாய்குடாவில் பேட்மிண்டன் சொல்லித்தரும் குமரவேலிடம் கேட்கலாம் என்று வீட்டிலேயே சொல்லிப் பார்த்தாள் மங்கை. அச்யுத் தோற்று அழுததையும், மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றதையும் பார்த்த மனிதர் அவர். "கோச் லெட்டர்ல வடை மடிக்கலாம்" என்றான் சுதர்சன். "கோச் நக்கோ மா, வேணாம். ஜி.எம். ஸைன் இருந்தா வேற லெவல்" என்றான் மகன். அப்பாவும் பிள்ளையும் ஒரே அச்சு என்று நினைத்துக்கொண்டாள்.

"பையன் பேரு அபினவ் தானே?" என்றார் செல்லப்பா.

"அச்யுத் சார்" என்றான் சுதர்சன், பெயர் வைத்ததற்கு மன்னிப்புக் கேட்பவன்போல.

"பிரமாதமான பையன். கண்ணுலயே தெரியும்."

அவனை அவர் பார்த்ததே இல்லை. அன்றைக்கும் அவன் வந்திருக்கவில்லை.

"மங்கை, நீயே எழுதி எடுத்துட்டு வந்துடும்மா. என் ஸ்டைல் உனக்குத் தெரியாததா?" என்று சிரித்தார். சுதர்சனும் கூடவே சிரித்தான்.

மறுநாள் மதிய இடைவேளையில், ஆபீஸ் கம்ப்யூட்டரில் எழுதினாள். 'எனது நீண்ட அனுபவத்தில்' என்று ஆரம்பித்ததும் மற்றதெல்லாம் தானாக வந்தது. அவருடைய மிடுக்கு, அவருடைய இழுவை, எதுவும் விடுபடவில்லை. படித்துப் பார்த்தாள். நன்றாகவே இருந்தது. அதுதான் அருவருப்பாக இருந்தது. இத்தனை வருஷமாக அந்த ஆளின் குரல் தனக்குள் குடியிருந்திருக்கிறது, வாடகைகூடத் தராமல்.

புதுப் பக்கம் ஒன்றைத் திறந்தாள். அதே குரலில் எழுதினாள்: 'இந்தப் பையனை நான் பார்த்ததில்லை. இவன் தாயின் உழைப்பில் என் பெயரைப் போட்டுக்கொண்டதைத் தவிர இந்தக் குடும்பத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இவனை அறிந்தவர் குமரவேல் என்ற பேட்மிண்டன் பயிற்சியாளர். அவரைக் கேளுங்கள்.' இரண்டையும் பிரிண்ட் எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அச்யுத் அவளை ஸ்கூட்டரில் செல்லப்பா வீட்டு வாசலில் கொண்டுவந்து விட்டான். உள்ளே வரச் சொன்னதற்கு, வெளியிலேயே இருப்பதாகச் சொல்லிவிட்டான். செல்லப்பா கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேப்பரா?"

"ஆமா சார்."

படித்துவிட்டால் சொல்வதற்குப் பதில் தயாராக வைத்திருந்தாள். வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பதில். அவர் டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமலே இரண்டிலும் கையெழுத்துப் போட்டார். அவளுக்குச் சற்று ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"நல்லா எழுதியிருக்கியா?"

"உள்ளதை எழுதியிருக்கேன் சார்."

"வெரி குட்."

வெளியே வந்தாள். அச்யுத் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்துவிட்டுக் கையை நீட்டினான். "ஸைன் அயிந்தா மா, ஆச்சா?"

"போட்டுட்டார். ரெண்டு இருக்கு. எதை அனுப்பறதுன்னு நீயே பார்த்துக்கோ."

"ரெண்டும் ஒகட்டே கதா? ஒண்ணுதானே?"

"படிச்சுப் பாரு."

முதல் தாளைப் புன்னகையோடு மேய்ந்தான். "சூப்பர் மா" என்றான். இரண்டாவதை எடுத்தான். பாதியில் புன்னகை நின்றது. திரும்ப மேலிருந்து படித்தான், உதடுகள் அசைய. அவனை இப்போது ஏதாவது கேட்டுவிடக் கூடாது என்று அவள் எதிர்வீட்டு கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

உள்ளே டி.வி.யில் கூட்டம் ஆர்ப்பரித்தது. அச்யுத் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் சாவியைத் துழாவி, எஞ்சினை அணைத்தான்.