உட்கார்ந்துவிட்டார்

பத்துப் பேர் சேர்ந்தால்தான் விளக்கைப் போடுவேன் என்று காப்பாளர் சொல்லி முடிப்பதற்குள் அப்பா தலைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

“நான், இவ, பையன், பொண்ணு, பேத்தி. அஞ்சு பேரு. நான் கொஞ்சம் கனத்த உடம்பு, என்னை ரெண்டுன்னு வச்சுக்குங்க, ஆறு. இவ பேசுற பேச்சு மூணு ஆளுக்குச் சமானம், எட்டாச்சு. பேத்தி கேக்குற கேள்விக்கு அவளும் ரெண்டு, ஒம்போது. நீங்களும் கூட நின்னு பார்ப்பீங்கல்ல? பத்து. கதவைத் திறங்க.”

“கல்யாணம் ஆனதுலேருந்து என்னை ஒரு ஆளாக்கூட மதிச்சதில்ல. இன்னிக்கு மட்டும் மூணாம்,” என்றாள் அம்மா.

காப்பாளர் சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். குடிநீர் வாரிய அலுவலகத்துக்குப் பின்னால், இரண்டு அறையும் ஒரு நடைவழியும் மட்டுமே உள்ள பாறைகளின் அருங்காட்சியகம் அது. டிக்கெட் கிழிப்பது, கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பது, கேட்பவர்களுக்கு விளக்கம் சொல்வது எல்லாம் அவர் ஒருவரே. நடைவழியின் கடைசியில் ஒரு இருட்டறை. சாதாரண வெளிச்சத்தில் தெருவோர ஜல்லி மாதிரி கிடக்கும் கற்கள், அங்கே இருக்கும் ஒரு விசேஷ விளக்கைப் போட்டால் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் ஒளிருமாம். பேத்தி, வீட்டில் அவளுக்குப் பெயர் கொசு, அதைப் பார்க்கத்தான் பள்ளிக்கூட நோட்டோடு வந்திருந்தாள்.

“விதி அப்படிங்க. பல்பு பழசு. ஒவ்வொரு தடவை போடும்போதும் அதுக்கு ஆயுசு குறையுது. போச்சுன்னா வேற கிடைக்காது.”

“அதான் சொல்றேன். பத்துப் பேருக்கு ஒரு தடவை போடுவீங்க. நாங்க அஞ்சு பேரு. அரைத் தடவை போடுங்க.”

“அரைத் தடவை எப்படிங்க போடுறது?”

“பாதி வெளிச்சம் விடுங்க. இல்லாட்டி பாதி நேரம். உங்க இஷ்டம், நான் வற்புறுத்தல.”

அண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தான். சின்னிக்கும் சிரிப்பு வந்தது. வீட்டின் கடைக்குட்டி அவள். இந்த ஞாயிற்றுக்கிழமைப் பயணம் அவள் ஏற்பாடு. மொத்தத் துணி வியாபாரத்தில் நாற்பது வருஷமாக ஊறிய அப்பாவை, கடைக்கு விடுமுறையான நாளிலும் கடைக்கே போய்த் துணிக்கட்டுகளைத் தடவிக்கொண்டிருக்கும் மனுஷனை, வெளியே இழுத்து வருவது லேசுப்பட்ட காரியமா? அவள் முழு நாள் கேட்டாள். அவர் ஒரு மணி நேரம் என்றார். கடைசியில் அரை நாளில் வந்து படிந்தது.

வந்தபிறகு அவருக்கும் பிடித்துத்தான் போயிற்று. முதல் அறையில் ஒரு பாறைக்குக் கீழே ‘நாற்பது கோடி ஆண்டுகள் பழமையானது’ என்று எழுதியிருந்ததை வாய்விட்டுப் படித்தார். “நாப்பது கோடி வருஷமா அலமாரியிலேயே கிடக்குதா? பழைய ஸ்டாக்கு. தள்ளுபடி போட்டிருந்தா எப்பவோ நகர்ந்திருக்கும்.” தொட்டுப் பார்க்க வைத்திருந்த கல்லைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து, துணியின் கரையை நிமிண்டிப் பார்ப்பதுபோல நிமிண்டினார். “சாயம் போகுமா?” என்று காப்பாளரைக் கேட்டார். போகாது என்றார் அவர். “பாரு, நாப்பது கோடி வருஷம் சாயம் போகாத சரக்கு. எனக்கு மில்லுக்காரன் நாப்பது நாளைக்கு வாக்குக் கொடுக்க மாட்டேங்குறான்.”

இப்போது நடைவழியில், அரைத் தடவையும் முடியாது என்று காப்பாளர் சொல்லிவிட்டார். அப்பா கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். இருட்டறைக் கதவுக்கு எதிரே இருந்த மர பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார். சுவரில் சாய்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

“போச்சு,” என்று கிசுகிசுத்தான் அண்ணன். “அப்பா உக்காந்துட்டாரு.”

அந்த வீட்டில் அந்தச் சொல்லுக்குத் தனி அர்த்தம். பேரம் ஒரு இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அப்பா வார்த்தையை வளர்க்க மாட்டார். எதிராளியின் முன்னாலேயே ஒரு நாற்காலியைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார். எழுந்து போகவும் மாட்டார், வாயைத் திறக்கவும் மாட்டார். எதிரில் இருப்பவன் இருமுவான், ஃபோனை எடுத்துப் பார்ப்பான், டீ சொல்வான். கடைசியில் அவனே தன் விலையைக் குறைத்துக்கொண்டு வந்து அவர் தோளைத் தொடுவான். ஒரு மில் ஏஜென்ட்டை நாற்பது நிமிஷம் அப்படி வறுத்தெடுத்திருக்கிறார். அது வேண்டிய நேரத்தில் வேர்வையைக்கூட வரவழைத்துக்கொள்ளும் உடம்பு என்று சந்தையில் ஒரு பேச்சு உண்டு. அப்பா அதை மறுத்ததில்லை.

அவர் உட்கார்ந்திருக்கும்போது வீட்டு ஆட்கள் யாரும் கிட்டே போகக் கூடாது. ஒரு தடவை அம்மா விவரம் தெரியாமல் நடுவில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து, அந்தச் சரக்கு கைவிட்டுப் போய், அதற்குப் பிறகு மூன்று வருஷம் வீட்டில் யார் தண்ணீர் கேட்டாலும் அந்தக் கதை வந்தது.

“ஐயாவுக்கு உடம்புக்கு ஏதாவது…” என்று காப்பாளர் இழுத்தார்.

“ஒண்ணுமில்லைங்க. அவரு அப்படித்தான்,” என்றாள் சின்னி. “நீங்க உங்க வேலையைப் பாருங்க. அவரைத் தொந்தரவு பண்ணாதீங்க.”

அண்ணனும் அவளும் அடுத்த அறைக்கு வந்தார்கள். அம்மா வாசல் பக்கத்து நாற்காலியில் போய்க் கால் நீட்டிக்கொண்டாள். “பத்து நிமிஷத்துல ஆளு படிஞ்சிடுவாரு,” என்றான் அண்ணன். “இவரு கவர்ன்மென்ட் ஆளு மாதிரி இருக்காரு, இருவது ஆகும்,” என்றாள் சின்னி. தோற்றவர் எல்லாருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தருவது என்று பேச்சு. அவள் ஃபோனில் ஸ்டாப்வாட்ச்சை ஓடவிட்டாள்.

கொசு நடைவழிக்குப் போய்விட்டு வந்தாள்.

“அத்தை, தாத்தா வாயைத் திறந்து வச்சிருக்காரு.”

“அது புது டெக்னிக்கா இருக்கும்,” என்றான் அண்ணன்.

“கூப்பிட்டேன். பேச மாட்டேங்குறாரு.”

“பேசினா தோத்துடுவாருல்ல,” என்றாள் சின்னி. “கிட்ட போகாதே கொசு. காரியத்தைக் கெடுத்துடாதே. இங்க வா, இந்தக் கல்லைப் படம் வரை.”

கொசு தரையில் உட்கார்ந்து வரைந்தாள். காப்பாளர் நடைவழியில் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு தடவை பெட்டியைத் துடைக்கிற சாக்கில் நின்றார். இன்னொரு தடவை பெஞ்சுப் பக்கம் பார்த்துத் தொண்டையைச் செருமினார். பத்து நிமிஷம் தாண்டியதும் அண்ணன் ஐஸ்கிரீமுக்கு ஒத்துக்கொண்டான். இருபதும் தாண்டியது. “ரெண்டு பேருமே தோத்துட்டோம்,” என்று சின்னி சொல்லும்போது காப்பாளர் சாவிக்கொத்தோடு வந்து நின்றார்.

“சரிங்க. என்னால ஆகல. ஒரு பெரிய மனுஷன் கண்ணெதிர்ல இப்படிக் கோவிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா நான் எப்படிங்க வேலை பார்க்குறது. அஞ்சு பேருக்கே போடுறேன். அவரை எழுந்திருக்கச் சொல்லுங்க.”

சின்னி ஃபோனைப் பார்த்தாள். இருபத்தாறு நிமிஷம் ஓடியிருந்தது. நடைவழிக்கு ஓட்டமாகப் போனாள்.

“அப்பா, இறங்கி வந்துட்டாரு.”

அப்பா கண்ணைத் திறக்கவில்லை. இன்னும் ஏதோ மிச்சம் பிடிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தாள்.

“அரையெல்லாம் இல்லப்பா. முழுசாவே போடுறாராம்.”

தோளைத் தொட்டாள். அலமாரியிலிருந்து துணிக்கட்டு சரிகிற மாதிரி அவர் பக்கவாட்டில் சரிந்தார்.

அதன் பிறகு நடந்ததில் யாருக்கும் எதுவும் சரியாகச் செய்யத் தெரியவில்லை. அண்ணன் அவரைத் தரையில் கிடத்தி, எப்போதோ ஃபோனில் பார்த்த ஞாபகத்தில் நெஞ்சை அழுத்தினான். எங்கே அழுத்துவது, எத்தனை தடவை என்று தெரியாமல் “எண்ணு, எண்ணு” என்று சின்னியிடம் சொன்னான். எதை எண்ணுவது என்று அவளுக்குப் புரியவில்லை. அம்மா அவர் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே, “என்னங்க, என்னங்க,” என்றாள். காப்பாளர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். வந்தவர்களின் ஸ்ட்ரெச்சர் நடைவழியில் திரும்பவில்லை. கண்ணாடிப் பெட்டி ஒன்றை நகர்த்தினால் திரும்பும். உள்ளே முழுக்கப் பாறை. நான்கு பேர் தள்ளியும் அது ஒரு விரல்கடை நகரவில்லை. கடைசியில் போர்வையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். கொசுவைக் காப்பாளரிடம் விட்டுவிட்டு, அவள் அம்மாவுக்கு ஃபோன் செய்து வந்து கூட்டிப்போகச் சொன்னார்கள்.

மருத்துவமனையில் மூவரையும் ஒரு நீள பெஞ்சில் உட்காரச் சொன்னார்கள். ரொம்ப நேரம் கழித்து ஒரு இளம் டாக்டர் வந்தாள். கையில் அட்டையில் செருகிய படிவம். எங்களால் ஆனதைப் பார்த்தோம், கொண்டுவரும்போதே துடிப்பு இல்லை என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். ஏதோ விலாசம் சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல ஆட்டினாள்.

“சில விவரம் எழுதணும்,” என்றாள் டாக்டர். “விழுந்த உடனே ஃபோன் பண்ணீங்களா?”

“உடனே பண்ணிட்டோம்,” என்றான் அண்ணன்.

“விழறதுக்கு முன்னாடி? கடைசியா எப்ப பேசினாரு?”

“பேசிட்டுத்தான் இருந்தாரு.”

“கண்ணை மூடிட்டு இருந்தாரு,” என்றாள் அம்மா. “ஒரு பத்து நிமிஷம் இருக்கும்.”

“பத்தெல்லாம் இல்லம்மா. அஞ்சு.”

“அஞ்சுக்கு மேல இருக்கும்டா.”

“சரி, ஏழு. ஏழுக்கு மேல இல்லங்க டாக்டர்.”

டாக்டர் பேனாவை ஏழுக்குக் கொண்டுபோனாள். விட்டிருந்தால் அது ஏழில் படிந்திருக்கும். அந்த வீட்டில் முதலில் சொல்லும் எண்ணும் நிஜமில்லை, இரண்டாவதும் நிஜமில்லை. எல்லாரும் ஒத்துக்கொண்டு சொல்வதுதான் எண்.

“இருவத்தாறு நிமிஷம்,” என்றாள் சின்னி.

அண்ணன் திரும்பி அவளைப் பார்த்தான். வாடிக்கைக்காரன் முன்னால் கொள்முதல் விலையைப் போட்டு உடைத்த வேலையாளைப் பார்க்கிற பார்வை.

“சின்னி, உனக்கு என்ன தெரியும்…”

“இருவத்தாறு. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

“பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?” என்றாள் டாக்டர். எழுதுவதற்காகத்தான் கேட்டாள்.

“உக்காந்துட்டாருன்னு நினைச்சோம்.”

“உக்காந்துதானே இருந்தாரு?”

“ஆமா. அது… அது வேற மாதிரி உக்காருறது.”

டாக்டர் காத்திருந்தாள். சின்னி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா உதவிக்கு வருவாள் என்று பார்த்தால், அம்மா சுவரில் இருந்த அம்புக்குறிப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் படிவத்தில் எண்ணை மட்டும் எழுதினாள்.

“முன்னாடியே தட்டிப் பார்த்திருந்தா?” என்று கேட்டாள் சின்னி.

“சொல்ல முடியாதுங்க.”

“அஞ்சாவது நிமிஷத்துல பார்த்திருந்தா?”

“அதையும் சொல்ல முடியாது. உக்காந்த உடனே போயிருக்கலாம். அப்புறமும் இருந்திருக்கலாம்.”

“டாக்டர்,” என்றான் அண்ணன். அவன் குரல் இறங்கியிருந்தது. “ஒரு பேச்சுக்குச் சொல்லுங்க. பிழைச்சிருப்பாரா, மாட்டாரா. ஏதாவது ஒண்ணு. நாங்க யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. ஒரு குத்துமதிப்பா.”

“எனக்குத் தெரியாதுங்க. தெரிஞ்சா சொல்லியிருப்பேன்.”

“பாதிக்குப் பாதின்னாவது…”

“இல்லைங்க.”

ஒரு எண்ணிலிருந்து இன்னொரு எண்ணுக்குக் கொண்டுவர ஆயிரம் வழி தெரிந்தவன் அண்ணன். எதிரில் எண்ணே இல்லை. கீழே போய் யாருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்று பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, படிக்கட்டு இருக்கும் பக்கத்தை விட்டு எதிர்ப்பக்கம் நடந்தான்.

பெண்கள் இருவரையும் உள்ளே விட்டார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறை. அப்பாவை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். துணி அவர் நீளத்துக்குப் போதவில்லை. முகம் மூடியிருந்ததால் கணுக்காலுக்குக் கீழே வெளியே தெரிந்தது. ஒரு காலுறையை உள்பக்கம் வெளியே வரும்படி மாட்டியிருந்தார். காலையில் சின்னி அவசரப்படுத்தியதில் கவனிக்காமல் போட்டிருக்க வேண்டும். தையல் பிசிறு தெரிந்தது.

அம்மா துணியைக் கீழே இழுத்துப் பாதத்தை மூடினாள். நெற்றி வெளியே வந்தது. மேலே இழுத்தாள். பாதம் வந்தது.

“ரெண்டு மீட்டர்கூட இல்ல,” என்றாள் யாரிடமோ. “இவருக்கு எப்படிப் பத்தும்.”

வாசலில் நின்ற வார்டு உதவியாளர், “இங்க எல்லாம் ஒரே அளவுதாம்மா. கிடங்குல நீளமா இருக்கான்னு பார்த்துட்டு வரேன்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் செருப்புச் சத்தம் தாழ்வாரத்தில் தேய்ந்து மறைந்தது. அம்மா தலைமாட்டில் துணியின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். சின்னி கால்மாட்டுக்குப் போனாள். இரண்டு பாதங்களையும் இரண்டு உள்ளங்கைகளால் மூடிக்கொண்டு, திறந்திருந்த கதவைப் பார்த்து நின்றாள்.