சத்தமே இல்லாத வண்டி

என் அண்ணனைத் தெருவில் எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். படித்த டாக்டர் இல்லை, மோட்டார் சைக்கிள் மெக்கானிக். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை எஞ்சின்மேல் ஊன்றிக் கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். எது தேய்ந்திருக்கிறது, எது ஆடுகிறது என்று ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் சொல்லிவிடுவான். அவன் கடைக்கு போர்டு கிடையாது. அந்தக் காதுதான் போர்டு.

அந்தக் காது போய்விட்டது என்று அண்ணி சொன்னார். நான் பழைய மின்சார மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்த்து வைத்திருப்பதாகச் சொன்ன அன்றைக்கு, என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்திக்கொண்டுதான் சொன்னார்.

"உங்க அண்ணனையும் கூட்டிட்டுப் போ. வண்டி பார்க்குற சாக்குல அவருக்குக் காது கேக்குதா இல்லையான்னு பார்த்துச் சொல்லு."

"நீங்களே கேக்க வேண்டியதுதானே அண்ணி?"

"கேக்காம இருப்பேனா? குக்கர் விசில் கேக்கலையான்னா, விசில் மட்டமான விசில்ங்கிறார். டிவியில எல்லாரும் முணுமுணுக்குறாங்களாம். வாசல் பெல் ரிப்பேராம். அது அடிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து கதவைத் திறக்குறாங்க. டாக்டர்கிட்ட போலாம்னா சண்டைக்கு வர்றார். வெளிய தெரிஞ்சா கடைக்கு எவன் வருவான்னு பயம். இப்படியே விட்டா இருக்குற காதும் போயிடும்."

எனக்கு இது புதிதில்லை. மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது என் வேலை. பேப்பரில் எழுத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே படியேறி வருகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களோடு நான் வாதாடுவதில்லை. லென்ஸை மாட்டிவிட்டுப் பேசாமல் நிற்பேன், அவர்களே கொஞ்ச நேரத்தில் பேச்சை மாற்றிவிடுவார்கள். ஆனால் அவர்களில் யாரும் என் அண்ணன் இல்லை. சரி என்று தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எனக்கு வண்டி நிஜமாகவே தேவைப்பட்டது. கடைக்குப் போகிற பஸ் பாதி நாள் வருவதில்லை, வருகிற நாளில் நிற்பதில்லை. அண்ணன் கொடுத்த பெட்ரோல் வண்டி ஒருமுறை சிக்னலில் என்மேல் சாய்ந்தது. நான்கு பேர் வந்து என்னையும் வண்டியையும் தனித்தனியாகத் தூக்கினார்கள். அதற்கப்புறம் அதைத் தொடவில்லை. இந்த மின்சார வண்டி ஒல்லியானது. சைக்கிளுக்கு உடம்பு போட்ட மாதிரி இருக்கும். பேட்டரியைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போய்ச் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம்.

விற்கிறவர் நீச்சல் பயிற்சியாளர். நீச்சல் குளத்துக்கு வெளியே, சுவரோரமாக வண்டியை நிறுத்திவைத்திருந்தார். கழுத்தில் விசில், காலில் ரப்பர் செருப்பு. வண்டி பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ஹோஸ் பைப் சுருட்டிக் கிடந்தது. அதற்கப்பால் ஒரு நாய் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் முறைப்படி ஆரம்பித்தான். டயரை நகத்தால் கீறினான். பிரேக்கைப் பிடித்துவிட்டான். முன்சக்கரத்தைக் காலிடுக்கில் இறுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகினான். இருக்கைக்குக் கீழே பேட்டரி முனைகளைக் குனிந்து முகர்ந்து பார்த்தான். பயிற்சியாளர் பரீட்சை எழுதுகிறவர் மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"ஸ்டாண்டு போட்டு பின்சக்கரத்தை ஓட விடுங்க" என்றான் அண்ணன்.

பயிற்சியாளர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பி, ஆக்ஸிலேட்டரை மெதுவாக முறுக்கினார். சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. முதலில் கரகரவென்று மணலை அரைக்கிற சத்தம். வேகம் கூடியதும் அது கீச்சென்று மேலே ஏறியது. என் பல்லெல்லாம் கூசியது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, எழுந்து, வேறு இடம் பார்த்துப் போய்விட்டது.

அண்ணன் பையிலிருந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். சக்கரத்தின் நடுவில், மோட்டாரைத் தாங்குகிற அச்சின் முனையில் ஊன்றினான். கைப்பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினான். ஏதாவது சொல்லுடா, திட்டு, முகத்தையாவது சுளி என்று மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன்.

அவன் கண்ணைத் திறந்தான்.

"இதுதான் கரண்டு வண்டியோட அழகு. சத்தமே இல்ல பாரு. மோட்டார் சுத்தமா இருக்கு."

பயிற்சியாளர் முகத்தில் ஈயாடவில்லை. பேரம் பேசத் தயாராக வந்திருந்த மனிதர் அவர். கெட்டவராக இருந்தால் அப்போதே சாவியை என் கையில் திணித்திருப்பார்.

"சார், அது வந்து, அந்த மோட்டார்ல கொஞ்சம்..."

"அண்ணன் சொன்னா சரிதாங்க" என்று நான் குறுக்கே விழுந்தேன். "எடுத்துக்குறோம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணனைப் பார்க்காமல் என்னிடம் சாவியைக் கொடுத்தார். பேசிய விலையில் தானாகவே ஒரு பகுதியைக் குறைத்துக்கொண்டார். ஏன் என்று அண்ணன் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. நல்ல காசைக் கொடுத்து நாய்கூடப் பக்கத்தில் படுக்காத வண்டியை வாங்கினேன். வேறு வழி தெரியவில்லை. முன்பின் தெரியாத மனிதர் எதிரில் என் அண்ணனின் காதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

நான் ஓட்டினேன், அவன் பின்னால் உட்கார்ந்தான். வண்டி கீச்சிட்டுக்கொண்டே போனது. நடைபாதையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைத்தெரு வந்ததும் அண்ணன் மூடிக்கிடந்த ஒரு கடை வாசலில் என் தோளைத் தட்டினான்.

"ஓரமா நிறுத்து."

இறங்கிப் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான்.

"எதுக்கு வாங்குன?"

"நீதானே நல்லா இருக்குன்னு சொன்ன?"

"நான் சொன்னேன். அந்த ஆள் மூஞ்சி வேற சொல்லுச்சு. தூங்கிட்டிருந்த நாய் எந்திரிச்சுப் போச்சு. கண்ணு நல்லாத்தான் தெரியுது எனக்கு." சக்கரத்தையே பார்த்துக்கொண்டு பேசினான். "சொல்லிட்டேன், அப்புறம் எப்படி மாத்துறது? நீ வேணாம்னு சொல்லுவன்னு பார்த்தேன். என் மானத்துக்காக ஒரு வண்டியா வாங்குவ? புத்தி இருக்கா உனக்கு?"

எனக்கும் கோபம் வந்துவிட்டது. "இருந்தா உன்ன நம்பிக் கூட்டிட்டுப் போயிருப்பேனா?"

சொன்ன பிறகு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அவன் கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டாண்டு போடச் சொன்னான். சக்கரத்தை ஓடவிடச் சொல்லி, அச்சுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை வைத்தான்.

"கையில தெரியுது" என்றான். "பெட்ரோல் வண்டியில பாதி சத்தம் கைக்கே வந்துடும். அதை வச்சுத்தான் ஒப்பேத்திட்டிருக்கேன். அங்கயும் கைய வச்சிருக்கலாம். ஆனா காதை வச்சாத்தானே டாக்டர்."

கடையில் லென்ஸை மாட்டிவிட்டு நிற்பது மாதிரி நின்றேன்.

அவன் பையைத் துழாவி ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். அதை என்னிடம் நீட்டினான். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அதை அவன் யாரையும் தொட விட்டதில்லை.

"காதுல வை. அழுத்தாத. என்ன கேக்குதுன்னு சொல்லு."

வைத்தேன். மண்டைக்குள் ஏதோ உடைகிற மாதிரி இருந்தது.

"மெதுவா சுத்தும்போது கரகரங்குது. வேகமா போனா கீச்சுன்னு ஏறுது."

"ஒரே சீரா வருதா, விட்டு விட்டு வருதா?"

"சீராத்தான் வருது."

"பேரிங். ஹோஸ் வச்சு அடிச்சுக் கழுவியிருக்கான், தண்ணி உள்ள போயிடுச்சு. மோட்டாருக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கே மாத்திடலாம், நீ கூட இருந்து கேட்டுச் சொல்லு."

அவன் கண் கலங்கியிருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை, மறைக்கவும் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்போது என் போன் அடித்தது. அண்ணி.

"போன வேலை என்னாச்சு?" என்றார். "கேக்குதா, இல்லையா?"

நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் கையை நீட்டினான். யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எதற்கு என்றும் தெரிந்திருக்கும். போனை வாங்கி, எங்கே வைத்துக்கொள்வது என்று ஒரு கணம் யோசித்து, வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டான்.

"இங்க பாரு, நீ பேசுறது எனக்குச் சரியாக் கேக்கல. கொஞ்ச நாளாவே கேக்கல. டாக்டர்கிட்ட போலாம்."

போனை என்னிடம் திருப்பிக் கொடுத்தான். காதில் வைத்தேன். அண்ணி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் வந்தது.

"என்ன சொல்றா?" என்று கேட்டான்.

"சரிங்கிறாங்க" என்றேன்.