குறை கேட்கப் போன அதிகாரி

தொடர்பாடல் பட்டம் வாங்கிய பிறகு விஜேந்திரன் அனுப்பிய வேலை விண்ணப்பங்களை ஒன்றாக ஏற்றியிருந்தால், வெலிமடை உருளைக்கிழங்கு லொறி ஒன்றுக்கு அச்சு முறிந்திருக்கும். கொழும்பில் அனுபவம் கேட்டார்கள். பதுளையில், "அது என்ன படிப்பு தம்பி?" என்று கேட்டார்கள்.

கடைசியில், மடுல்சீமைப் பக்கம் அவன் பிறந்த தேயிலைத் தோட்டத்தை நடத்தும் கம்பனியே அவனை மக்கள் தொடர்பு அதிகாரியாக எடுத்தது. தற்காலிகம்தான். வெளிநாட்டுத் தேயிலை வியாபாரிகள் பார்த்துப் போன பிறகு நிரந்தரமாக்குவதாக முகாமையாளர் கனகசுந்தரம் சொன்னார். லயம் என்கிற வரிசை வீடுகளில் வாழும் தோட்டத்துச் சனங்களின் குறைகளைக் கேட்டு, விருந்தாளிகள் காதுக்கு எட்டுமுன் இனிக்கப் பேசி ஆற்றிவைக்க வேண்டும். அதுதான் வேலை.

சிக்கலும் அதுதான். காற்சட்டை போட்டவர் எவர் வந்து விசாரித்தாலும் "ஒரு கொறையுமில்லைங்க" என்பது அந்தத் தோட்டத்தின் பரம்பரைப் பழக்கம். போன வருஷம் மண் சரிந்து கழுத்துவரை புதைந்து கிடந்த சிவஞானம், பார்க்க வந்த அதிகாரியிடம், "குளிருக்கு நல்லா கதகதப்பா இருக்குங்கய்யா" என்றார். அவரைத் தோண்டி எடுப்பதா வேண்டாமா என்று அரைநாள் கூட்டம் போட்டார்கள்.

விஜேந்திரன் கழுத்தில் டையைக் கட்டிக்கொண்டு லயம் லயமாக ஏறினான்.

"ஏதாச்சும் கொறை சொல்லுங்கக்கா."

பாக்கியலெட்சுமி கொழுந்துக் கூடையை இறக்கினாள். "எதுக்கு? தொரைகிட்ட போட்டுக் குடுக்கவா? இதுக்குத்தான் படிக்கப் போனியா?"

"கொறை இல்லாட்டி என் வேலை போயிரும்க்கா."

"அப்ப அதுதான் எங்க கொறை. எழுதிக்க."

வேறு வழியில்லாமல் தாயிடமே கெஞ்சினான். "நீயாவது கூரை ஒழுகுதுன்னு சொல்லும்மா. நான் பேசிச் சமாளிச்சுக் காட்டுறேன்."

"சரி சாமி" என்றாள் கருப்பம்மா.

விருந்தாளிகள் வந்த அன்று மழை. கருப்பம்மாவின் வீட்டுக்குள் நின்ற வெள்ளைக்காரரின் சட்டைப்பை நிரம்பி, பேனா மிதந்தது.

"எப்படி, வீடு வாசல் எல்லாம்?" என்று கேட்டார் கனகசுந்தரம்.

விஜேந்திரன் கண்ணாலேயே கூரையைக் காட்டினான். கருப்பம்மா மகனைப் பார்த்தாள். முகாமையாளரைப் பார்த்தாள். இரு கையையும் கூப்பினாள்.

"ஒரு கொறையுமில்லைங்கய்யா. முன்னெல்லாம் தண்ணி புடிக்க மலையோரப் பீலிக்கு நடக்கணும். இப்ப வீட்டுக்குள்ளயே வருது."

வீட்டுக்கு வீடு தண்ணீர் வசதி என்று முகாமையாளரே மொழிபெயர்த்துவிட்டார். வெள்ளைக்காரர் மெச்சிக் கைதட்டினார்.

அவர்களை வழியனுப்பியதும் கனகசுந்தரம் விஜேந்திரனைக் கூப்பிட்டார். "உம்மட அம்மா சும்மாவே செய்யிற வேலைக்கு நான் ஏன் ஒரு பட்டதாரியை வச்சிருக்க வேணும்? நாளைக்கு வரத் தேவையில்லை."

அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது கருப்பம்மா ஈரப் பாயைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"கோவிச்சுக்காத சாமி. மகனுக்கு வேலை கெடச்சதும் ஆத்தாக்காரிக்கு வாய் நீண்டுருச்சுன்னு ஒன்னய நிப்பாட்டிருவாங்களோன்னு பயந்துட்டேன். நெரந்தரமாக்கிட்டாங்களா?"

"ஆக்கிட்டாங்கம்மா. கம்பனியோட பதுளை கந்தோருக்கு வேலைக்கு வரச் சொல்லியிருக்காங்க."

படித்த தொழிலை அவன் உருப்படியாகச் செய்தது அந்த ஒரு தடவைதான். மறுநாள் காலை பஸ்ஸேறி, பதுளை பஸ் நிலையத்தில் பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தான். லயத்தில் கருப்பம்மா வீடு வீடாகப் போய்ச் சீனி கொடுத்துக்கொண்டிருந்தாள்.