நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர்

அந்தத் துறைமுகத்தில் மூன்று ஆண்டுகளாகக் கரைக்கு வந்த சுறாக்கள் எல்லாமே நூற்று அறுபத்தெட்டு சென்டிமீட்டர் நீளம் இருந்தன. வலையில் கிடக்கும்போது ஒன்று முழங்கை அளவாகவும் இன்னொன்று இரண்டு ஆள் நீளமாகவும் தெரியும். ஏலத் தளத்தில் போட்டு மூக்கிலிருந்து வால் நுனிவரை நாடாவைப் பிடித்தால் இம்மியும் பிசகாது. திருக்கைகளை இறக்கைக்கு இறக்கை அளப்பது வழக்கம். அவையும் நூற்று அறுபத்தெட்டு. மீனவர்கள் முதல் மாதம் வியந்தார்கள், இரண்டாம் மாதம் ஐஸ் பெட்டிகளை அந்த அளவுக்குச் செய்துகொண்டார்கள்.

அளந்தவள் மீன்வள ஆய்வு அலுவலகத்தின் கணக்கெடுப்பாளர். தினமும் காலை ஆறு மணிக்கு ரப்பர் பூட்ஸோடு வந்து, என்ன இனம், என்ன நீளம், ஆணா பெண்ணா, எந்தப் படகு, எந்த வலை என்று படிவத்தில் எழுதுவாள். கணவன் ஆழ்கடல் படகு ஓட்டியவன். மூன்று ஆண்டுகளுக்கு முன் போன படகு திரும்பவில்லை; ஒரு பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. கல்யாணமான புதிதில் ஒருநாள் அவனை இதே தளத்தில் படுக்கவைத்து, "வாலை ஒழுங்கா நீட்டு" என்று அதட்டி அளந்திருக்கிறாள். நூற்று அறுபத்தெட்டு. கைகளை விரிக்கச் சொல்லி அளந்தபோதும் அதேதான். அதனால் முதல் சுறாவிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. அளந்து முடித்த ஒவ்வொன்றின் மீதும் கையைச் சற்று அதிக நேரம் வைத்திருந்தாள், அவ்வளவுதான்.

தலைமை அலுவலகத்திலிருந்து அதிகாரி வந்தார். "வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு ஒரே நம்பரை எழுதி அனுப்புறியாம்மா?" என்று கேட்டவர், தன் எஃகு நாடாவால் பதினான்கு மீன்களைத் தாமே அளந்தார். பிறகு ஒரு டீ சொல்லிவிட்டு நாடாவைச் சுருட்டினார். பக்கத்தில் பெட்டி இறக்கிக்கொண்டிருந்த அவளுடைய கொழுந்தன்தான் சொன்னான்: "எங்க அண்ணன் உயரம் சார் அது."

அதிகாரி கல்நெஞ்சக்காரர் அல்ல. ஆனால் மேலே இருப்பவர்களுக்கு அதை எப்படி எழுதுவது? "என்னால முடிஞ்சது மாறுதல்தான்மா. இல்லைன்னா வேலையே போயிடும்" என்றார். மாமியார் அவளை நம்பியே இருந்தாள். அதனால் இவள் மாறுதல் உத்தரவில் கையெழுத்துப் போட்டாள்.

புதிய துறைமுகத்துக்கு இரண்டு நாள் பயணம். அங்கே சுறாக்கள் எல்லா ஊர்களிலும் இருப்பதுபோல இருந்தன: எழுபத்து நான்கு, நூற்றுப் பன்னிரண்டு, இருநூற்று மூன்று. விதவிதமான எண்களை எழுதும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிருந்தது. அடித்து அடித்துத் திருத்தினாள். மாலைதோறும் கொழுந்தன் போன் செய்தான். "நீங்க போன மறுநாளே இங்க எல்லாம் கன்னாபின்னான்னு வருது அண்ணி. அண்ணன் அங்க வந்தாச்சா?"

"இன்னும் இல்லப்பா."

பின்னாலிருந்து மாமியாரின் குரல் கேட்டது: "அந்தப் பக்கமெல்லாம் அவன் போனதே இல்லையேடா!"

பதினோராம் நாள் பிற்பகல் ஒரு படகு நான்கு சுறாக்களையும் ஒரு திருக்கையையும் இறக்கியது. ஐந்தையும் அளந்தவள், ஈரத் தரை என்றும் பாராமல் உட்கார்ந்துவிட்டாள். ஏலக்காரி படிவத்தை எட்டிப் பார்த்து, "என்னம்மா, எல்லாம் ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கு?" என்றாள்.

"தூரம் அதிகம்க்கா. நீந்தித்தானே வரணும்" என்றாள் இவள்.

ஏலக்காரிக்கு அது போதுமான பதிலாகப் பட்டது. அடுத்த படகைக் கவனிக்கப் போனாள்.